வருமுன் காக்கும் பூட்டு

திருவண்ணாமலை தமிழகத்தின் தொன்மை வாய்ந்த திருத்தலங்களுள் ஒன்று. பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடைய இராசகோபுரம் அவ்வூரின் அடையாளமாய் விளங்குகிறது. கோபுரத்திற்குப் பின்னே 2,668 அடி உயரமுள்ள மலை நிமிர்ந்து நிற்கிறது. கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை ஆறு மணிக்கு அம்மலையின் உச்சியில், பருவதராச குலத்தார் பெருங்கொப்பரையில் மகாதீபம் ஏற்றுவர். ஊரில் கூடியிருக்கும் இலட்சக்கணக்கான மக்கள் அவ்வொளியை ஒருசேரக் காண்பர். தொலைவிலுள்ள சிற்றூர்களில் வயல்வரப்பில் நிற்போரும் காண்பர். அவ்வொளி கூறும் செய்தி எல்லார்க்கும் உரியது, எவர்க்கும் மறைவானதன்று. ஆதலின் அதற்குப் பூட்டும் வேண்டா, காவலும் வேண்டா.

அதே மாலையில், அதே ஊரில், வேறு வகைச் செய்திகளும் வெளியில் பரவிக்கொண்டிருக்கின்றன. பூக்கடையில் ஒருவர் கைப்பேசியின் வழியே பணம் செலுத்துகிறார். கிரிவலப் பாதையில் நடக்கும் ஒருவர்க்கு, அவருடைய தந்தையின் இரத்தப் பரிசோதனை முடிவு மருத்துவமனையிலிருந்து வந்து சேர்கிறது. உழவர் ஒருவர் தம் நிலத்தின் பட்டாவைக் கணினி வழியே பெறுகிறார். இச்செய்திகளைச் சுமந்து செல்லும் ரேடியோ அலைகளும் மலைத் தீபத்தின் ஒளியைப் போலவே நாற்றிசையும் பரவுகின்றன. உரிய கருவி உடையவர் அவற்றைப் பிடிக்கலாம். பிடித்துப் படியெடுத்தும் வைக்கலாம். ஆயினும் அவற்றின் பொருள் அவர்க்கு விளங்காது. இங்கே மறைக்கப்படுவது அலை அன்று. அலை தாங்கி வரும் பொருளே மறைக்கப்படுகிறது. அவ்வாறு மறைக்கும் கலைக்கு மறையாக்கம் என்பது பெயர்.

மறையாக்கம் பழங்காலந்தொட்டே மன்னர்களும் தூதர்களும் கையாண்ட கலையாகும். ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. செய்தியைப் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே திறவுகோல்தான் பயன்பட்டது. அத்திறவுகோலை இருவரும் முன்னரே மறைவாகப் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும். ஒருவரை ஒருவர் கண்டறியாத பூக்கடைக்காரரும் வங்கியும் அதனை எவ்வாறு பகிர்ந்துகொள்வர்? இவ்வினாவிற்கு 1976ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விடைக்கு வழி காட்டினர். மறு ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அவ்வழியில் ஒரு சிறந்த பூட்டை அமைத்தனர். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அது ஆர்.எஸ்.ஏ. எனப்படுகிறது.

அப்பூட்டின் இயல்பைக் கோயில் உண்டியலைக் கொண்டு எளிதில் உணரலாம். உண்டியல் யாவரும் காணுமாறு பொது இடத்தில் நிற்கிறது. காணிக்கையை எவரும் அதனுள் இடலாம். ஆனால் திறவுகோல் உடையவரே அதனைத் திறந்து எடுக்க இயலும். அவ்வாறே, செய்தியைப் பூட்டும் பொதுத் திறவுகோலை ஊரறிய வெளியிடலாம். திறக்கும் தனித் திறவுகோலை உரியவர் மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம்.

எண்களால் இத்தகைய உண்டியலை அமைப்பது எங்ஙனம்? 89, 97 என்னும் இரண்டு பகா எண்களைப் பெருக்குமாறு கூறினால், மாணவர் ஒருவர் சிறிது நேரத்தில் 8,633 என்று விடை கூறிவிடுவார். 8,633 என்னும் எண்ணை மட்டும் கொடுத்து, எவ்விரண்டு பகா எண்களைப் பெருக்கினால் இஃது கிடைக்கும் என்று கேட்டால், அவர் பலமுறை வகுத்துப் பார்த்தல் வேண்டும். பெருக்குதல் எளிது, பெருக்கியதைப் பிரித்தல் அரிது. எண்கள் பெரியனவாக ஆக, இவ்வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடாகிறது. இன்று பெரிதும் வழங்கும் ஆர்.எஸ்.ஏ. பூட்டில் பெருக்கற்பலன் 617 இலக்கங்கள் உடையது. அதனை எவரும் காணலாம்; ஆனால் அதன் காரணிகளை அறிந்தவரே பூட்டைத் திறக்க இயலும்.

இவ்வெண்களைப் பற்றிய ஆராய்ச்சியில் நம் நாட்டிற்கும் புகழ் உண்டு. ஓர் எண் பகா எண்ணா, அன்றா என்பதை விரைவாகவும் ஐயமின்றியும் கண்டறியும் முறையை, 2002ஆம் ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர் நிறுவினர். எனினும், பகா எண் அன்று என்று அறிவது வேறு. அதன் காரணிகளைக் காண்பது வேறு. காரணி காணும் விரைவான வழி எதுவும் சாதாரணக் கணினிக்கு இதுகாறும் கிட்டவில்லை. அந்த அருமைப்பாடே பூட்டின் வலிமை.

ஆயினும் எந்தப் பூட்டின் வலிமையும் என்றும் நிலைத்திருப்பதன்று. 1977ஆம் ஆண்டில், 129 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணால் பூட்டிய செய்தியொன்று ஓர் அறிவியல் இதழில் வெளியிடப்பட்டது. அதனைத் திறப்பதற்குக் கோடிக்கோடி ஆண்டுகள் ஆகும் என்று அந்நாளில் மதிப்பிட்டனர். ஆனால் 1994ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை ஒருங்கே இயக்கி அதனைத் திறந்துவிட்டனர். பதினேழே ஆண்டுகளில் கணினிகளின் விரைவும் வளர்ந்தது. காரணி காணும் முறைகளும் திருந்தின. அறிஞர்கள் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பூட்டை மீண்டும் வலிமையாக்கினர்.

இலக்கங்களைக் கூட்டுவதாலும் தடுக்க இயலாத இடர் ஒன்று இப்போது எதிர்நோக்குகிறது. அதன் தன்மையை அண்மையிலுள்ள ஒரு வரலாற்றுச் சான்று விளக்கும். திருவண்ணாமலைக்குக் கிழக்கே, மூன்று குன்றுகளை இணைத்து எழுப்பிய செஞ்சிக் கோட்டை இருக்கிறது. முகலாயப் படை 1690ஆம் ஆண்டில் அதனை முற்றுகையிடத் தொடங்கி, 1698ஆம் ஆண்டில்தான் கைப்பற்றிற்று. அத்தகைய கோட்டையை 1750ஆம் ஆண்டு செப்டம்பரில் புஸ்ஸி என்னும் தளபதியின் கீழ்ச் சென்ற பிரெஞ்சுப் படை ஓர் இரவிலேயே பிடித்துவிட்டது. மதில் தாழவில்லை, குன்று குறுகவில்லை. தாக்கிய முறையே மாறிற்று. பழைய முறைக்கு அஞ்சாத அரண், புதிய முறைக்கு ஈடுகொடுக்கவில்லை.

ஆர்.எஸ்.ஏ. பூட்டிற்கு அத்தகைய புதிய முறையை 1994ஆம் ஆண்டில் பீட்டர் ஷோர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் கண்டறிந்தார். அம்முறை சாதாரணக் கணினியில் இயங்காது. குவாண்டம் கணினியிலேயே இயங்கும். சாதாரணக் கணினியின் அடிப்படை அலகாகிய பிட், 0 அல்லது 1 என்னும் இரு நிலைகளுள் ஒன்றில் இருக்கும். குவாண்டம் கணினியின் அலகாகிய கியூபிட், அளந்து பார்க்கும்வரை இரு நிலைகளும் கலந்த ஒரு நிலையில் இருக்கவல்லது. அக்கலப்பு அலையின் இயல்பு உடையது. குளத்தில் இரண்டு கற்களை எறிந்தால் எழும் அலைகளைக் கவனிக்க. முகடும் முகடும் கூடும் இடத்தில் நீர் உயர்கிறது. முகடும் அகடும் கூடும் இடத்தில் நீர் அடங்குகிறது. அதுபோலவே, தவறான விடைகளுக்குரிய அலைகள் ஒன்றையொன்று அழிக்குமாறும், சரியான விடைக்குரிய அலைகள் ஒன்றையொன்று வளர்க்குமாறும் கணக்கை வகுப்பதே குவாண்டம் கணினியின் திறம்.

ஷோர் கண்ட முறையின் உட்கருத்தை 15 என்னும் சிறு எண்ணைக் கொண்டு அறியலாம். 2, 4, 8, 16, 32, 64 என இரண்டின் அடுக்குகளை வரிசையாக எழுதுக. ஒவ்வொன்றையும் 15ஆல் வகுத்து மீதியைக் காண்க. மீதிகள் 2, 4, 8, 1, 2, 4, 8, 1 என நான்கிற்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். அந்த நான்கில் பாதி இரண்டு. இரண்டின் இரண்டாம் அடுக்கு 4. அதில் ஒன்றைக் கழித்தால் 3. ஒன்றைக் கூட்டினால் 5. இவையே பதினைந்தின் காரணிகள். ஆகவே, மீதிகள் எத்தனைக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன என்பதை அறிந்தால் காரணிகளையும் அறியலாம். 617 இலக்க எண்ணில் அச்சுழற்சியைக் கண்டுபிடிக்கச் சாதாரணக் கணினிக்கு இயலாது. சுழன்று வருவதைக் கண்டறிவதில் அலைகள் வல்லவை; ஆதலின் குவாண்டம் கணினிக்கு அஃது இயலும். கைப்பேசிகளில் மிகுதியாக வழங்கும் நீள்வட்ட வளைவரைப் பூட்டுகளும் இம்முறைக்குத் தப்பமாட்டா.

அத்தகைய கணினி இன்று இருக்கிறதா? இதுவரை அமைந்தவற்றுள் எதுவும் இப்பூட்டுகளை உடைக்கும் ஆற்றல் பெறவில்லை. 2001ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர்கள் ஏழு கியூபிட்டுகளைக் கொண்டு 15இன் காரணிகளைக் கண்டனர். 2023ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் 1,121 கியூபிட்டுகள் உடைய கருவியை அறிவித்தது. ஆனால் கியூபிட்டுகள் சிறு வெப்பத்தாலும் அதிர்வாலும் நிலைகுலைபவை. அவற்றின் பிழைகளைத் திருத்தவே மேலும் பல கியூபிட்டுகள் வேண்டும். 617 இலக்கப் பூட்டைத் திறக்க இரண்டு கோடிக் கியூபிட்டுகளும் எட்டு மணி நேரமும் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். 2025ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடோ, பத்து இலட்சத்திற்கும் குறைந்த கியூபிட்டுகள் ஒரு வாரத்திற்குள் அதனைச் செய்யும் என்கிறது. கருவி இன்னும் வரவில்லை. ஆனால் அதற்கு வேண்டிய அளவு சுருங்கி வருகிறது.

கருவி வந்த பின்னர்ப் பூட்டை மாற்றினால் போதாதோ எனச் சிலர் வினவலாம். போதாது. பகைவர் இன்று பூட்டிய செய்திகளைப் படியெடுத்துச் சேமித்து வைக்கலாம். குவாண்டம் கணினி அமைந்த அன்று அவற்றைத் திறந்து படிக்கலாம். திருடிய பெட்டியைத் திறக்க இயலாத கள்வன், சாவி கிடைக்கும் நாள்வரை அதனைப் பரண்மேல் வைத்துக் காத்திருப்பது போன்றது இது. நாளை புதிய பூட்டை வாங்கினாலும், நேற்றுக் களவுபோன பெட்டிக்கு அதனால் பயனில்லை.

கனடா நாட்டின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து அறிஞர் மிக்கேல் மோஸ்கா இதனை ஓர் எளிய கணக்காகக் கூறினார். ஒரு செய்தி எத்தனை ஆண்டுகள் மறைவாக இருத்தல் வேண்டும் என்பது முதல் எண். பூட்டுகளை மாற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது இரண்டாம் எண். குவாண்டம் கணினி வருவதற்கு எத்தனை ஆண்டுகள் உள்ளன என்பது மூன்றாம் எண். முதலிரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதைவிட மிகுந்தால் இடர் உண்டு. மருத்துவக் குறிப்பு ஒன்றை 25 ஆண்டுகள் காத்தல் வேண்டும்; பூட்டுகளை மாற்ற 8 ஆண்டுகள் ஆகும்; கணினி வர 20 ஆண்டுகள் உள்ளன எனக் கொள்க. கூட்டுத்தொகை 33. அஃதாவது, பழைய பூட்டுடன் இறுதியாக அனுப்பிய குறிப்பு, காக்க வேண்டிய காலத்தில் 13 ஆண்டுகள் காவலின்றிக் கிடக்கும். கணினி எந்த ஆண்டில் வரும் என்பதை எவரும் உறுதியாகக் கூற இயலாதாயினும், தொடங்க வேண்டிய காலம் இதுவே என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

மறைவு மட்டுமன்றி உண்மையும் காக்கப்படுதல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்திற்கு நம் நாட்டில் சட்டத்தின் ஏற்பை அளித்தது. அக்கையொப்பமும் இத்தகைய எண்களையே சார்ந்தது. தனித் திறவுகோலைப் பிறர் கணக்கிட்டு அறிந்துவிட்டால், உரியவர் இடாத கையொப்பத்தை இட்டுப் போலி ஆவணம் ஆக்கலாம். நிலப் பத்திரம் தலைமுறைகள் கடந்து வாழ்வது. அதன் கையொப்பமும் அத்துணைக் காலம் நம்பத்தக்கதாய் இருத்தல் வேண்டும் அன்றோ?

ஆகவே குவாண்டம் கணினிக்கும் அசையாத புதிய பூட்டுகளைக் கணித அறிஞர் நாடினர். அவற்றுள் ஒரு வகையைத் தமிழ்நாட்டு வீட்டு வாயிலிலேயே காணலாம். புள்ளிக் கோலத்திற்கு வைத்த புள்ளிகளுக்கு இடையே ஓர் அரிசி விழுந்தால், அதற்கு மிக அண்மையிலுள்ள புள்ளி எது என்பதைக் குழந்தையும் கூறும். புள்ளிகள் தரையில் மட்டுமன்றி, மேலும் கீழுமாக அடுக்கடுக்காய் இருப்பின் சிறிது கடினம். நூற்றுக்கணக்கான திசைகளில் பரந்த கோலமாயின், கண்ணுக்கும் எட்டாது. கணினிக்கும் எளிதில் எட்டாது. கோலத்தை அமைத்தவர் மட்டும் தாம் மறைத்து வைத்த குறிப்பைக் கொண்டு அப்புள்ளியை எளிதில் காண்பர். இக்கணக்கில் ஷோர் கண்டது போன்ற சுழற்சி வெளிப்படுவதில்லை. அதனை விரைவில் தீர்க்கும் குவாண்டம் முறை எதுவும் இதுவரை அறியப்படவில்லை.

புதிய பூட்டு என்பதனாலேயே அது நல்ல பூட்டு ஆகிவிடாது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2016ஆம் ஆண்டில் உலக அறிஞர்களுக்கு அழைப்பு விடுத்தது. ஆய்வுக்கு ஏற்கப்பட்ட 69 பூட்டுகளும் யாவரும் தாக்கிப் பார்க்குமாறு வெளிப்படையாக வைக்கப்பட்டன. பல பூட்டுகள் வீழ்ந்தன. அவற்றுள் சைக் என்பது பல சுற்றுகளைக் கடந்து நின்றது. 2022ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் அதனைச் சாதாரணக் கணினி கொண்டே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தனர். உடைத்தவர் பகைவர் அல்லர்; ஊர் பயன்படுத்துமுன் குறையைக் காட்டிய நண்பர் ஆவர். இச்சோதனைகளுக்குப் பின்னர், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் மூன்று தரநிலைகள் வெளியிடப்பட்டன. அவற்றுள் ஒன்று மறைவான திறவுகோலை இருவரும் பெறுவதற்கும், ஏனைய இரண்டும் கையொப்பத்திற்கும் உரியவை.

செய்திகள் செல்லும் நெறிமுறைகளில் இப்பூட்டுகளை எவ்வாறு பொருத்துவது? பழைய பூட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது ஒரு வழி. ஆனால் புதியதில் மறைந்த குறை ஏதேனும் இருப்பின் உள்ளதும் போய்விடும். ஆதலின் இரண்டையும் ஒருங்கே இடுவதே அறிஞர் பரிந்துரைக்கும் வழிகளுள் சிறந்தது. கோயில் உண்டியலுக்கு ஒன்றிற்கு மேற்பட்ட பூட்டுகளை இட்டு, திறவுகோல்களை வெவ்வேறு பொறுப்பாளரிடம் வைப்பதுண்டு. ஒருவர் தவறினும் உண்டியல் திறவாது. அதுபோலவே, பழைய முறையில் ஒரு மறைஎண்ணும் புதிய முறையில் ஒரு மறைஎண்ணும் பெற்று, இரண்டையும் கலந்து ஒரே திறவுகோலாக்குவர். இரு பூட்டுகளும் உடைந்தாலன்றிச் செய்தி வெளிப்படாது. கணினிகளைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் 2022ஆம் ஆண்டிலும், சிக்னல் என்னும் செய்திச் செயலி 2023ஆம் ஆண்டிலும் இவ்வகை இரட்டைப் பூட்டை ஏற்றன.

இம்மாற்றத்திற்கு விலையும் உண்டு. பழைய நீள்வட்ட வளைவரை முறையில் ஒருவர் அனுப்பும் பொதுத் திறவுகோல் 32 பைட் அளவே. புதிய தரநிலையின் நடுத்தர வகையில் அது 1,184 பைட் ஆகும். சிறு பையில் அடங்கியதற்கு இப்போது பெரிய மூட்டை வேண்டியுள்ளது. ஆற்றல் குறைந்த சிறு கருவிகள் அதனைத் தாங்குமா என்பதைச் சோதித்தல் வேண்டும். இருவரும் ஒரே திறவுகோலைப் பகிர்ந்துகொண்ட பின் செய்தியை மறைக்கும் பழைய வகைப் பூட்டுகளுக்குப் பேரிடர் இல்லை. அவற்றின் திறவுகோலை நீளமாக்கினால் போதும்.

நம் நாடும் இத்துறையில் முனைந்துள்ளது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் மத்திய அமைச்சரவை, 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசியக் குவாண்டம் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. அவ்வியக்கத்தில் குவாண்டம் தொடர்பியலுக்குரிய மையம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்தது. ஒளித்துகள்களைக் கொண்டே திறவுகோலை அனுப்பும் வேறொரு வழியும் ஆராயப்படுகிறது. இடையில் ஒருவர் ஒற்றறிந்தால் துகளின் நிலை கலைந்து களவை வெளிப்படுத்திவிடும் என்பது அதன் சிறப்பு. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி நிறுவனமும் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலத்திற்கும் இடையே, 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், ஒளியிழை வழியே இதனைச் செய்து காட்டின. ஆயினும் இதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். பூக்கடைக்காரரின் கைப்பேசிக்கு இஃது எட்டாது. அவரைக் காப்பது புதிய கணிதப் பூட்டே.

பூட்டை மாற்றும் பணி, எங்கெங்கே எப்பூட்டு இருக்கிறது என்று கணக்கெடுப்பதில் தொடங்குகிறது. நெடுநாள் காக்க வேண்டியவற்றை முதலில் மாற்றுதல் வேண்டும். பின்னொரு நாள் இப்புதிய பூட்டும் பழுதானால் எளிதில் கழற்றி மாற்றுமாறு நெறிமுறைகளை அமைத்தல் வேண்டும். பிரிட்டன் நாட்டு இணையப் பாதுகாப்பு மையம் 2028ஆம் ஆண்டிற்குள் கணக்கெடுப்பையும், 2031ஆம் ஆண்டிற்குள் முதன்மையான மாற்றங்களையும், 2035ஆம் ஆண்டிற்குள் முழு மாற்றத்தையும் முடிக்குமாறு 2025ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. கணக்கெடுப்பிற்கே ஆண்டுகள் வேண்டும் என்பதிலிருந்து பணியின் பருமை விளங்கும்.

கடவுச்சொல் களவுபோனால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். விரல் ரேகையையும் கண்ணின் கருவிழியமைப்பையும் மாற்றிக்கொள்ள இயலாது. இன்று பள்ளியில் பயிலும் மாணவர் ஒருவரின் விரல் ரேகை, அவர் முதியவராகும்போதும் அவருடையதே. அதனைக் காக்கும் பூட்டும் அத்துணைக் காலம் நிற்றல் வேண்டும். மழை வருமுன் ஏரிக்கரையை வலுப்படுத்துதல் ஊர் வழக்கம். வெள்ளம் எந்நாளில் வரும் என்று தெரியாமையாலேயே கரையை முன்னரே பார்க்கின்றனர். கணிதம் பயிலும் இன்றைய மாணவருள் சிலரே நாளை இக்கரையைக் காக்கும் பொறுப்பை ஏற்பர். அவர்களுக்கு முந்திய தலைமுறையோ, கரை உடைந்த பின் கலங்குவதை விடுத்து, இன்றே மண்வெட்டியை எடுத்தல் வேண்டும்.